ஏரி மீனும் காலக் கணக்கும்: கனடாவின் பனிக்கட்டி முதல் நம் தென்னேரி வரை



டொராண்டோ பக்கம் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் கொஞ்ச நாள் முன்பு ஒரு படம் அனுப்பியிருந்தார். சிம்கோ ஏரி கல் போல உறைந்து கிடக்கிறது. அதன் மேல் சின்னச் சின்னக் குடில்கள். பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தூண்டில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். "இங்கே குளிர் நீண்டு, பனிக்கட்டி உருகத் தாமதமானால் அந்த வருஷத்து மீன் கணக்கே மாறிடும் சார். நம்ம ஊர் ஏரிக்கு இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. வகுப்பில் இருந்திருந்தால் இரண்டு பீரியட் எடுத்திருப்பேன். இப்போது மணி அடிக்க ஆள் இல்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அவர் ஊர்க் கதை. குளிர்நாட்டு ஏரி உறைந்தால் மேலே மட்டும்தான் பனிக்கட்டி. அடியில் சுமார் 4 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அந்த வெப்பநிலையில்தான் தண்ணீர் மிகக் கனமாக இருக்கும், அதனால் கீழே தங்கிவிடும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தது நினைவிருக்கலாம். மீன்கள் அங்கே அதிகம் அசையாமல், குறைவாகத் தின்று காலத்தைக் கடத்தும்.

குளிர் நீண்டால் என்ன ஆகும்? ஆழமில்லாத ஏரியில் பனிக்கட்டியின் மேல் தடியாகப் பனி படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. நீர்ச்செடிகள் பிராணவாயு தராது. அடியில் மட்கும் இலைதழைகள் இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும். பனி உருகும்போது செத்த மீன்கள் கரை ஒதுங்கும். அடுத்தது இனப்பெருக்கம். 'வாலை' என்ற அவர்களுடைய விருப்ப மீன், பனிக்கட்டி விலகித் தண்ணீர் ஆறேழு டிகிரிக்கு வந்தவுடன் முட்டையிடும். பனிக்கட்டி தாமதமாக விலகினால் முட்டை தாமதம், குஞ்சு தாமதம். அடுத்த குளிருக்குள் அந்தக் குஞ்சு வளரக் கிடைக்கும் மாதங்களும் குறையும்.

ஆனால் பனிக்கட்டி எல்லா மீனுக்கும் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 'ஒயிட்ஃபிஷ்' என்ற மீன் குளிர்காலத் தொடக்கத்திலேயே கரையோரக் கற்களுக்கு நடுவே முட்டையிட்டுவிடும். அந்த முட்டைகளை அலை அடித்துப் போகாமல் பாதுகாப்பது மேலே இருக்கும் பனிக்கட்டிதான். ஏரி சரியாக உறையாத வருஷங்களில் அந்த மீனுக்குக் கஷ்டம். 2014 மார்ச் மாதம் வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளின் பரப்பில் 92 சதவீதத்துக்கு மேல் உறைந்து கிடந்தது. சுப்பீரியர் ஏரியில் ஜூன் தொடக்கம் வரை பனிக்கட்டி மிதந்தது. நம்மூரில் பள்ளி திறக்கும் நேரம் அது!

ஆக, அங்கே ஏரிக்கு ஒரு பூட்டு இருக்கிறது. அது எப்போது விழுகிறது, எப்போது திறக்கிறது என்பதுதான் மீனின் காலக் கணக்கு.

தமிழ்நாட்டில் ஏரி உறைவதில்லை. ஊட்டியில் உறைபனி கொட்டும், புல் வெளுக்கும். ஏரி உறையாது. ஆனால் குளிர்நீர் மீனுக்கு அங்கே ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர வெள்ளைக்காரர்கள் 1860-களிலிருந்து முயன்று தோற்றார்கள். அந்த முயற்சியில் இறங்கியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர். அவர் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து அதில் வெற்றி பெற்றார். அது மலைக் கதை. நம் கதை சமவெளியில்.

நம் ஏரிக்கும் பூட்டு உண்டு. அது வெயில் போடும் பூட்டு.

வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள ஏரிகளை எண்ணிப் பாருங்கள். ஊருக்கு ஒன்று, பெரிய ஊருக்கு இரண்டு மூன்று. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை. இவற்றில் பெரும்பாலானவை வருஷம் முழுக்கத் தண்ணீர் வைத்திருப்பவை அல்ல. ஆடி, ஆவணியில் இடிமழை பெய்து கொஞ்சம் நனையும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து நிரம்பும். கலங்கல் வழியத் தொடங்கினால் "ஏரி கோடி போகுது" என்று ஊரே போய்ப் பார்க்கும். பிறகு மதகு வழியாக வயலுக்குப் போய், வெயிலில் ஆவியாகி, பங்குனி, சித்திரையில் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கும். சில வருஷம் அதுவும் வெடித்துப் போகும். கனடாக்காரருக்குப் பனிக்கட்டி எப்போது விலகும் என்று கவலை. நமக்குத் தண்ணீர் எப்போது வரும், எத்தனை மாதம் நிற்கும் என்று கவலை.

நம் நாட்டு மீன்கள் இந்தக் கணக்குக்குப் பழகியவை. விராலைப் பாருங்கள். செவுள் மட்டுமல்லாமல் காற்றையும் மேலே வந்து விழுங்கும். தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து பல நாள் தாக்குப்பிடிக்கும். மழை வந்ததும் கரையோரச் செடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி முட்டையிடும். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் திரியும். கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். குறவை, தேளி, கெளுத்தி எல்லாம் ஏறக்குறைய இதே வம்சம். பனையேறிக் கெண்டை இன்னும் ஒரு படி மேலே. குட்டை வற்றினால் தரையில் நகர்ந்தே அடுத்த நீருக்குப் போகும். தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் படை அதிகாரி டால்டோர்ஃப், அது ஒரு பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதி, 1797-இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அச்சானது. ஐரோப்பாவில் அதைப் படித்தவர்கள் நம்புவதா வேண்டாமா என்று நூறு வருஷம் சண்டை போட்டார்கள்.

கடைசிக் குட்டையில் கால் வைத்துச் சேற்றில் விரல் அசைவிலேயே விராலைக் கண்டுபிடித்து எடுக்கும் கைவித்தை நம் பகுதி இருளர் மக்களிடம் இருக்கிறது. நான் சைக்கிளில் பள்ளிக்குப் போன காலத்தில் சித்திரை வெயிலில் ஏரிக்குள் அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. தென்மாவட்டங்களில் இதையே ஊர்த் திருவிழாவாகச் செய்வார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் கண்மாயை ஊருக்கே திறந்துவிட, ஊத்தாவும் வலையுமாக ஆயிரக்கணக்கில் இறங்குவார்கள். 'அழிகண்மாய்' என்று பெயர். பனிக்கட்டியில் குடில் போடுவது அவர்களுக்கு எப்படியோ, அப்படி நமக்கு இது.

இன்று ஏரிகளில் விடப்படும் கட்லா, ரோகு, மிர்கால் வேறு வகை. அவை வடக்கே பெரிய ஆறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். நின்ற ஏரித் தண்ணீரில் இடாது. முன்பு ஆற்றில் குஞ்சு பிடித்து வந்துதான் ஏரியில் விட வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் உடன் பணியாற்றியவர்களும் பிட்யூட்டரி சுரப்பிச் சாறு ஊசி போட்டு இந்த மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதன் பிறகு குஞ்சு எங்கும் கிடைத்தது. ஆனால் குஞ்சு வளரத் தேவையான மாதங்களை எந்த ஊசியும் தர முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அக்டோபரில் ஏரி பிடித்து, ஜூன் வரை தண்ணீர் நின்றால் 9 மாதம். குஞ்சு முக்கால் கிலோ, ஒரு கிலோவை நோக்கிப் போகும். மழை தாமதித்து டிசம்பரில் ஏரி பிடித்து, ஏப்ரலில் வற்றினால் 5 மாதம்கூட இல்லை. உள்ளங்கை அளவு மீனைத்தான் கூடையில் போட வேண்டும். எண்ணிக்கை அதேதான், எடையும் விலையும் விழுந்துவிடும்.

இங்கேதான் நம் ஊர்க் குளிரும் கணக்கில் சேர்கிறது. இந்தக் கெண்டை வகைகள் 25 முதல் 32 டிகிரி வெப்பத்தில் நன்றாகத் தின்று வளரும். மார்கழி, தை இரவுகளில் தண்ணீர் குளிர்ந்தால் இரை எடுப்பது குறையும், மீன் ஆழத்தில் ஒடுங்கும். முன்பே வளர்ந்த மீன் இதைத் தாங்கிக்கொள்ளும். தாமதமாக விட்ட குஞ்சு நேராக இந்தக் குளிரில் போய் விழுகிறது. கிடைத்த 5 மாதத்தில் முதல் 2 மாதம் பெரிதாக வளராமலே போய்விடும். தாமதமான மழையும் மார்கழிக் குளிரும் சேர்ந்து செய்யும் வேலை, தாமதமாக உருகும் பனிக்கட்டி செய்யும் அதே வேலைதான்.

குளிர் இன்னொரு வகையிலும் நம் ஏரிகளைத் தாக்கியது. வயதில் மூத்த மாணவர்களுக்கு நினைவிருக்கும். 1990-களின் தொடக்கத்தில் விராலின் உடம்பில் சிவந்த புண் வந்து, சதை குழிந்து, மீன்கள் செத்து மிதந்தன. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா எனப் பரவிய நோய் அது. 1987 இறுதியில் இலங்கைக்கும், 1988-இல் நம் நாட்டின் வடகிழக்குக்கும் வந்து, பிறகு தெற்கேயும் இறங்கியது. காரணம் நீரில் வாழும் ஒரு பூஞ்சை போன்ற கிருமி. மழை முடிந்து தண்ணீர் 20 டிகிரி பக்கம் குளிரும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும். அந்த நேரம் பார்த்து அது தாக்கும். வெயில் ஏறினால் தணியும். மனிதருக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆனால் புண்ணைப் பார்த்த கண் மீனை வாங்குமா? ஏரி மீன் கூடையைக் கண்டாலே சனங்கள் ஒதுங்கினார்கள். அந்தப் பருவங்களில் மீன் பிடித்து விற்ற குடும்பங்கள் பட்ட பாட்டை நான் அருகிருந்து பார்த்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் என் வகுப்பில்தான் இருந்தார்கள்.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன். என் பாடம் அதுதானே!

நம் ஒன்றியத்தின் தென்னேரிக்குப் பழைய பெயர் திரையன் ஏரி. பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான தொண்டைமான் இளந்திரையனோடு சேர்த்து இந்தப் பெயரைச் சொல்வது வழிவழி வரும் விளக்கம். பல்லவர் காலத்தில் ஏரி வெட்டுவது அரச தர்மமாகவே இருந்தது. மாமண்டூர் ஏரி மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்தது. கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்குப் பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டியதைச் சொல்கிறது. இன்றைக்கும் பாலாற்றில் பிரியும் கம்பன் கால்வாய் வழிநெடுக ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறது. வெளியூர் உறவினர்களுக்கு ஒரு குறிப்பு: பாலாற்று அணைக்கட்டு இருப்பது வாலாஜாபேட்டை பக்கம், ராணிப்பேட்டை மாவட்டம். நம் ஊர் வாலாஜாபாத், கீழே இருக்கிறது. இரண்டுமே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைச் சுமப்பதால் கடிதம்கூட மாறிப் போகும்.

வாலாஜாபாத்துக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைத் தேர்தல் கல்வெட்டு என்று நாம் பெருமையோடு படிக்கிறோம். குடவோலையைப் படித்த அளவு, அந்த ஓலையால் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் படிப்பதில்லை. 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரிக்கென்று தனி வாரியம்! ஒரு வருஷம் அதுதான் அவர்கள் வேலை.

மீன் இங்கே எப்படி வருகிறது? சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் மீன் பாட்டம், பாசிப் பாட்டம் போன்ற சொற்கள் வருகின்றன. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கொடுக்கும் தொகை அது. அந்த வருமானத்தை ஏரியில் தூர் எடுக்கவும், கரைக்கு மண் போடவும் ஒதுக்கியதாகப் பல ஊர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். தூர் எடுத்தால் ஏரி ஆழமாகும். ஆழமானால் தண்ணீர் கூடுதலாக ஒரு மாதம் நிற்கும். ஒரு மாதம் நின்றால் மீன் பெருக்கும், மீன் பணம் கூடும், அந்தப் பணம் மறுபடி தூருக்குப் போகும். வெயில் போடும் பூட்டை ஒரு மாதம் தள்ளிப்போடும் சாவியை மீனின் வாயிலேயே வைத்திருந்தார்கள் நம் முன்னோர்.

கும்பினி ஆட்சி வந்தபோது வாலாஜாபாத் படை முகாமாக இருந்தது. அப்போது, 1790-களில், இந்தச் சீமைக்குக் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் அக்கறை காட்டியவர். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வரும் வெள்ளைக்காரத் துரை இவர்தான். வேடந்தாங்கலிலும் இவர் பெயர் வருகிறது. படை வீரர்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, யாரும் சுடக்கூடாது என்று 1798-இல் கவுல் வாங்கினார்கள்.

ஊர்க்காரர்கள் ஏன் பறவைக்காகப் போராடினார்கள்? பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது இன்னொன்று. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வேடந்தாங்கலில் கூடு கட்டினாலும், இரைக்குச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும்தான் பறக்கின்றன. மழை தாமதித்தால் பறவை தாமதிக்கும். மழை பொய்த்தால் வராமலே போகும். ஏரியில் மீன் உண்டா இல்லையா என்பதை வானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பிறகு ஏரிகளின் பொறுப்பு ஊர்க் கையிலிருந்து மெல்ல நழுவியது. பொதுப்பணித் துறை வந்தது. குடிமராமத்து வேலைக்கு ஆள் வராவிட்டால் கட்டாயப்படுத்த 1858-இல் சட்டமே போட வேண்டியிருந்தது. தன் ஏரிக்குத் தானே மண் சுமந்த ஊருக்கு எதற்குக் கட்டாயச் சட்டம் தேவைப்பட்டது என்று யோசியுங்கள். உரிமை போன இடத்தில் கடமையை மட்டும் கேட்டால் அப்படித்தான் ஆகும்.

முன்னே சொன்ன பிரான்சிஸ் டே இப்போது வருகிறார். 1873-இல் இந்தியாவின் நன்னீர் மீன்களைப் பற்றி அரசுக்கு ஒரு பெரிய அறிக்கை கொடுத்தார். கண் சிறுத்த வலைகளாலும், வயல் வாய்க்காலில் வைக்கும் பொறிகளாலும் குஞ்சு மீன்கள் அழிவதை விவரமாக எழுதினார். 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது குற்றமானது. 1907-இல் பிரெடரிக் நிக்கல்சன் பொறுப்பில் சென்னை மீன்வளத் துறை உருவானது. இதெல்லாம் நல்லதே. ஆனால் ஏரியும் மீனும் தனித்தனி இலாகாவாகப் பிரிந்ததும் இந்தக் காலத்தில்தான்.

இன்று 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழ் உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். மீன் பாசி குத்தகை பசலிக் கணக்கில் விடப்படுகிறது. பசலி என்றால் அறுவடை என்று பொருள். அக்பர் காலத்து ஏற்பாடு. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நெல்லுக்குப் போட்ட இந்தக் கணக்கு மழைக்குக் காத்திருக்காது. மழை அக்டோபரில் வந்தாலும் டிசம்பரில் வந்தாலும் ஜூன் 30 ஜூன் 30-தான். ஒரு வருஷத்துக்கு ஏலம் எடுத்தவர் என்ன செய்வார்? கெடுவுக்குள் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார். மீன் பிடிக்க வசதியாகத் தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும் என்று அவர் நினைப்பார். நவரைப் பயிர் வைத்தவர் தண்ணீர் நிற்க வேண்டும் என்பார். ராத்திரியில் மதகு திறந்தது யார் என்று மறுநாள் பஞ்சாயத்து நடக்கும். இரண்டு பக்கமும் கெட்டவர்கள் இல்லை. மழை தாமதமானதால் ஒரே தண்ணீரை இரண்டு தேவைகள் ஒரே மாதத்தில் கேட்கின்றன, அவ்வளவுதான். ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய வழக்கு இது. இன்று உட்காரும் இடம்தான் இல்லை. குத்தகைப் பணம் பொதுக் கணக்கில் சேர்கிறது. அது அதே ஏரியின் தூருக்குத் திரும்பி வர வேண்டும் என்ற பழைய சங்கிலி அறுந்துவிட்டது.

அறுந்த சங்கிலியின் விலையை நாம் நம் காலத்திலேயே பார்த்தோம். 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் பகுதியில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் பல ஏரிகள் உடைந்தன. உடையாத ஏரிகளிலும் கலங்கல் வழியாக வளர்ப்பு மீன் வெள்ளத்தோடு போய்விட்டது. சாலையில் மீன் பிடித்த படங்களை அப்போது நீங்களே அனுப்பினீர்கள். அதில் இருந்தது யாரோ ஒருவர் கடன் வாங்கி விட்ட குஞ்சு. அடுத்த வருஷமே, 2016-இல், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. டிசம்பரில் வர்தா புயல் வந்து மரத்தைச் சாய்த்ததே தவிர ஏரியை நிரப்பவில்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வெடித்துக் கிடந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் பல வருஷம் காணாத வெள்ளம். ஆறு வருஷத்துக்குள் இத்தனை ஏற்ற இறக்கம். எந்த மீன்காரர் எந்தக் கணக்கில் முதல் போடுவார்?

2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் மறுபடி தொடங்கியது. தொடங்கிய இடம் நம் பக்கத்து மணிமங்கலம் ஏரி. நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற அதே மணிமங்கலம்தான். பல ஏரிகளில் மண் எடுத்தார்கள், கரை உயர்ந்தது. வரவேற்கிறேன். ஆனால் ஒரு முறை மண் எடுப்பதும், வருஷா வருஷம் எடுக்க ஏரியே சம்பாதிப்பதும் வேறு வேறு.

நம் மாணவர்கள் பலர் இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் நல்ல வேலையில் இருக்கிறீர்கள். எனக்கு அதில் பெருமைதான். சித்திரை மாதம் சேற்று மீனை நம்பி அடுப்பு எரிந்த வீட்டில் இன்று மாதச் சம்பளம் வருகிறது என்றால் அதைவிட ஓர் ஆசிரியருக்கு என்ன வேண்டும்? அதே நேரம் இதையும் பாருங்கள். ஆயக்கட்டு வயல் மனையானால் மதகு திறக்க ஆள் இல்லை. வரத்துக் கால்வாய் சாலைக்கடியில் போனால் மழை பெய்தும் ஏரி தாமதமாகத்தான் பிடிக்கும். கழிவுநீர் சேர்ந்தால் ஆகாயத்தாமரை மூடும். அது மூடினால் வெளிச்சம் போகாது, பிராணவாயு குறையும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். பனி மூடிய கனடா ஏரியில் குளிர்காலத்தில் மீன் சாகும் அதே முறை! அங்கே அதை இயற்கை செய்கிறது. இங்கே நாம் 30 டிகிரி வெயிலில் செய்து வைத்திருக்கிறோம்.

கனடா மாணவருக்கு என் பதில் இதுதான். உண்டு தம்பி, நம் ஏரிக்கும் உண்டு. உங்கள் ஏரி எப்போது திறக்கும் என்பது சூரியன் கையில். நம் ஏரி எத்தனை மாதம் திறந்திருக்கும் என்பதில் மழைக்குப் பாதி, நமக்குப் பாதி. நம் பாதியைக் கவனித்த வரை மீன் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது, ஏரியையும் பார்த்துக்கொண்டது.

முடிக்கும் முன் ஒரு வீட்டுப்பாடம். ஜப்பானில் சுவா என்ற ஏரி உறையும் நாளை அங்குள்ள கோயில் பூசாரிகள் 1443 முதல் குறித்து வைத்து வருகிறார்கள். சாமி காரியமாகத்தான் குறித்தார்கள். இன்று உலகத்து விஞ்ஞானிகள் பருவநிலை மாற்றத்தை அறிய அந்த ஏட்டைத் தேடிப் போகிறார்கள். நாம் கல்லில் வெட்டிய சமூகம். ஆனால் நம் ஊர் ஏரி எந்த வருஷம் எந்தத் தேதியில் கோடி போனது, எந்த மாதம் வற்றியது என்று ஒரு நோட்டில்கூட நாம் எழுதுவதில்லை. தாத்தா பாட்டி சொன்னது அவர்களோடு போகிறது.

எனவே, இந்தப் பதிவைப் படிக்கும் ஒவ்வொருவரும் கீழே மூன்று விவரம் எழுதுங்கள்: உங்கள் ஊர் ஏரியின் பெயர், உங்களுக்கு நினைவு தெரிந்து அது கோடி போன வருஷங்கள், முடிந்தால் மாதம், அந்த ஏரியில் முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத மீன் ஏதாவது உண்டா. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டு எழுதுங்கள். கல்யாண நாள், பிள்ளை பிறந்த நாளை வைத்துக் கேட்டால் அவர்களுக்குச் சரியாக நினைவு வரும். நான் ஊர் வாரியாகத் தொகுத்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். வரும் மழைக்காலத்திலிருந்து தேதியோடு குறிப்போம்.

எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன். பயப்படாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர சார்,
வாலாஜாபாத்